ராயல் ஃப்ளஷ் வீடு வந்த வாரம்

முதல் நாள், சனி. அலமீடா

விளம்பரத்தில் இருந்தது மூன்றே வரி. கோட்லீப் கம்பெனியின் ராயல் ஃப்ளஷ் பின்பால் மெஷின், 1976. இருபது வருஷமாக கராஜில் நிற்கிறது. விளக்கு எரியும், ஆட்டம் ஓடாது. இடம் அரிசோனாவில் கிங்மன். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஐந்நூறு மைலுக்கு மேல்.

எங்கள் கராஜில் ஏற்கெனவே மூன்று பின்பால் மெஷின் நிற்கிறது, சாய்ந்த பலகையில் இரும்புக் குண்டை ஓடவிட்டு ஆடும் மெஷின். நான்காவதை எடுத்துவர வேன் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகப்போகிறேன் என்றதும், ஆறு மாதத்துக்கு எங்களோடு இருக்க வந்திருக்கும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அது ஓடுதா?"

ஓடலப்பா என்றேன்.

"அப்பச் சரி. நானும் வாரேன்."

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மதுரைப் பக்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். அப்போது ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச். டயல் சுற்றினால் ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தனை துடிப்பு போகும், செலக்டர் படிப்படியாக ஏறித் திரும்பி நிற்கும். கரன்ட் பாய்ந்தால் சுவிட்சை இழுக்கும் ரிலே, கரன்ட் தொட்டுப் பாயும் முனையான காண்டாக்ட், ஸ்பிரிங் செட் என்று அவர் பேசிய சொற்களைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பின்னால் எல்லாம் எலக்ட்ரானிக் ஆனபோது பயிற்சிக்குப் போனார், கற்றுக்கொண்டார், ஓய்வு பெறும்வரை அதில்தான் வேலை. ஆனால் வீட்டுக்கு வந்து உற்சாகமாகச் சொல்லும் கதையெல்லாம் ஸ்ட்ரோஜர் கதைதான். பின்பால் மெஷினுக்குள் இருப்பதும் அதே குடும்பம் என்று நான் ஃபோனில் பல தடவை சொல்லியிருக்கிறேன். நேரில் பார்க்காமல் எதையும் நம்பும் ஆள் இல்லை அவர்.

அதனால் நேராகத் தெற்கே போகாமல், முதல் நாளைப் பக்கத்து ஊரான அலமீடாவுக்கு ஒதுக்கினேன். வெப்ஸ்டர் தெருவில் பசிபிக் பின்பால் மியூசியம். 2002-இல் லக்கி ஜூஜூ என்ற பெயரில் ஒரு சின்ன இடமாக மைக்கேல் ஷீஸ் தொடங்கியது. வாசலில் ஒரு தடவை கட்டணம் கட்டினால் போதும், காசு போடாமல் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம். சுவரெங்கும் பழைய பேக்கிளாஸ் (மெஷினின் தலைப்பெட்டியை மூடும் படக்கண்ணாடி) ஓவியங்களைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அப்பா முதலில் நின்றது ஆணி அடித்த ஒரு பழைய பலகை முன்னால். "இது நம்ம பேகடெல் போர்டுல்ல!" கோலிக்குண்டை ஸ்பிரிங்கால் தட்டிவிட்டால் ஆணிகளுக்குள் முட்டி மோதி நம்பர் எழுதிய குழியில் விழும் பலகை. பெரியத்தை வீட்டில் நானும் ஆடியிருக்கிறேன். பின்பாலின் பாட்டன் அதுதான். குச்சியால் தள்ளிக்கொண்டிருந்த விளையாட்டுக்கு ஸ்பிரிங் பிளங்கர் வைத்து, 1871-இல் காப்புரிமை வாங்கினார் சின்சினாட்டியில் இருந்த மாண்டேகு ரெட்கிரேவ். 1931-இல் சிகாகோவில் டேவிட் கோட்லீப் இதையே மேசைமேல் வைக்கும் பெட்டியாக்கி, பாஃபிள் பால் என்று பெயர் வைத்து 17 டாலர் 50 சென்ட்டுக்கு விற்றார். 50,000-க்கு மேல் போனது. அமெரிக்காவே வேலை இல்லாமல் தவித்த காலம் அது. ஒரு சென்ட்டுக்குக் கொஞ்ச நேரம் கவலை மறக்கலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

அந்தப் பெட்டிகளில், பட்டனை அழுத்தினால் குண்டைத் திருப்பி அடிக்கும் துடுப்பான ஃபிளிப்பர் கிடையாது. குண்டை விட்டபிறகு மெஷினை மெல்ல இடித்து ஆட்டுவது மட்டும்தான் நம் கையில். ஃபிளிப்பர் வந்தது 1947-இல், கோட்லீபின் ஹம்ப்டி டம்ப்டியில். ஹாரி மேப்ஸ் வடிவமைத்தது. இரண்டு பக்கமும் மும்மூன்றாக ஆறு ஃபிளிப்பர். இப்போது இருப்பதுபோல் அடியில் இரண்டே ஃபிளிப்பர் என்ற அமைப்பை மறுவருஷமே டிரிபிள் ஆக்‌ஷன் மெஷினில் கொண்டுவந்தவர் ஸ்டீவ் கோர்டெக். அவர் நூறு வயது வாழ்ந்து 2012-இல் மறைந்தார்.

பிறகு அப்பாவை நான் காட்ட நினைத்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். சர்ஃப் சாம்ப் என்ற 1976 கோட்லீப் மெஷினின் மரம் முழுவதையும் எடுத்துவிட்டு, கண்ணாடிபோலத் தெளிவான அக்ரிலிக்கில் ஷீஸ் கட்டிய மெஷின். உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே தெரியும். நான் ஆடினேன், அப்பா ஆடவில்லை. குனிந்து, பக்கவாட்டில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டதும் உதைத்துத் தள்ளும் பம்பரில் குண்டு பட்ட கணம் ரிலே இழுத்தது, புள்ளிகளைக் கூட்டும் ஸ்கோர் மோட்டாரின் மேடுபள்ளச் சக்கரம் சுழன்றது, மேலே எண் சக்கரம் ஐந்து தடவை தாவியது.

"ஏம்மா, இந்தப் பல்சக்கரத்தப் பாரு, ரேட்செட்டு. கொக்கி இழுக்குது, தள்ளுது, பிடிச்சுக்குது. நம்ம செலக்டரேதான்." கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆனா ஏன் இப்படி உறுமுது? ஏசி கரன்ட்டா குடுக்கிறான்?" என்றார்.

ஆமாம். எக்ஸ்சேஞ்சில் 50 வோல்ட் டிசி, ஒரே திசையில் ஓடும் கரன்ட். அந்தக் காலத்து கோட்லீப் மெஷினில், இழுக்கும் கம்பிச்சுருளான காயிலுக்குப் போவது சுமார் 25 வோல்ட் ஏசி, திசை மாறி மாறி ஓடுவது. அதனால்தான் ரிலே பிடித்திருக்கும்போதெல்லாம் வண்டு மாதிரி ஓர் உறுமல். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது. அப்பாவுக்குப் பத்து நிமிஷம்.

இரண்டாம் நாள், ஞாயிறு. சாலை

விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி மாலை நான்குக்கு லாஸ் வேகாஸ். ஐ-5 நெடுகிலும் பாதாம் தோப்பு பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. பிப்ரவரி கடைசியில் இந்தச் சாலையில் வருவதே ஒரு கொடுப்பினைதான். பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி டெஹாச்சப்பி மலையில் ஏறும்போது காற்றாலைகள். அப்பா ஆரல்வாய்மொழியை நினைத்துக்கொண்டார். பார்ஸ்டோவில் வண்டியை நிறுத்திப் புளிச்சோறு. அதற்குமேல் பாலைவனம்.

வழியில் அப்பா கேட்டார்: "ஒன்ன வாங்கினா போதாதா? எதுக்கு நாலு?" அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது ஓட்டல் அறையில் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஒவ்வொரு மெஷினும் ஒரு மனிதரின் கணக்கு. பத்தடி தூரம்கூட இல்லாத ஒரு பலகையில், 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள ஒரு இரும்புக் குண்டை எங்கே ஓட விடுவது, எங்கே மடக்குவது, எங்கே ஆசை காட்டி ஏமாற்றுவது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ராயல் ஃப்ளஷுக்கு யோசித்தவர் எட் கிரின்ஸ்கி. படம் வரைந்தவர் கார்டன் மோரிசன். இவர்கள் இருவரும் சேர்ந்து செய்த இன்னொரு மெஷின் என்னிடம் இருக்கிறது. அதை ஆடி ஆடி, கிரின்ஸ்கி எந்த இடத்தில் என்ன செய்வார் என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. ஒரு ஆசிரியரின் ஒரு கதை பிடித்தால் அடுத்ததைத் தேடுவோமே, அது மாதிரிதான்.

நாளைக்கு இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள், திங்கள். லாஸ் வேகாஸ்

இந்த ஊரில் நான் பார்க்க வந்தது ஒரே ஒரு கட்டடம். பின்பால் ஹால் ஆஃப் ஃபேம். ஊரின் பெயர்போன வரவேற்புப் பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டிம் ஆர்னால்ட் 2006-இல் வேறு ஒரு தெருவில் தொடங்கி, 2021-இல் இந்தப் பெரிய கொட்டகைக்கு மாற்றினார். லாப நோக்கம் இல்லாத அமைப்பு. மெஷினில் விழும் காசில் செலவு போக மிஞ்சுவது தர்ம காரியத்துக்குப் போகிறது.

அலமீடாவுக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். அங்கே மியூசியத்தின் அமைதி. இங்கே வரிசை வரிசையாக மெஷின், 25 சென்ட் குவார்ட்டர் காசு போட்டால் ஓடும், வெறும் தரை, ட்யூப்லைட் வெளிச்சம். பல மெஷின்மேல் கையால் எழுதிய அட்டை: எந்த வருஷம், யார் வடிவமைத்தது, எத்தனை செய்தார்கள் என்று. கண்ணாடியைக் கழற்றி, குண்டு ஓடும் பலகையான பிளேஃபீல்டைத் தூக்கி நிறுத்தி, இடுப்பளவு உள்ளே குனிந்து ஒருவர் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. எனக்கு இந்த இடத்தின்மேல் இருக்கும் மரியாதைக்கு அந்தக் காட்சிதான் காரணம். மெஷின் தேயட்டும், உடையட்டும், திரும்பச் சரிசெய்து வைப்போம் என்ற தைரியம்.

இந்த விளையாட்டு இவ்வளவு பகிரங்கமாக நடப்பதே பெரிய விஷயம் என்று அப்பாவிடம் சொன்னேன். நியூயார்க் நகரம் 1942-இல் பின்பாலைத் தடை செய்தது. மேயர் லா கார்டியா சம்மட்டியை எடுத்து மெஷினை உடைக்கிற புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. இது அதிர்ஷ்டம், சூதாட்டம், பள்ளிப் பிள்ளைகளின் காசைப் பிடுங்குகிறது என்பது வாதம். ஃபிளிப்பர் வருவதற்கு முன் போட்ட தடை, ஃபிளிப்பர் வந்து முப்பது வருஷம் ஆகப்போகும் வரையில் நீடித்தது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகர சபையின் முன்னால் மெஷினை வைத்து ஆடிக் காட்டினார். பிளங்கரை இழுத்து, குண்டு மேலே நடு வழியில்தான் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விட்டார். போனது. தடை நீங்கியது. முந்தாநாள் நாங்கள் போன அலமீடாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஓக்லாண்டில் தடை ஏட்டில் இருந்து நீங்கியது 2014-இல்தான்.

"சிகாகோலயும் தடைதானா?" என்றார் அப்பா. ஆமாம். கோட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று உலகத்துக்கே மெஷின் செய்து அனுப்பிய ஊரில், பல வருஷம் அதை ஆட முடியாது.

மதியத்துக்குமேல் அப்பா ஆட ஆரம்பித்தார். 1960-களின் கோட்லீப் மெஷின் ஒன்று, ஒருவர் மட்டும் ஆடுவது. தலைப்பெட்டி மேலே அகன்று கீழே குறுகி இருப்பதால் இந்த வகையை வெட்ஜ்ஹெட் என்பார்கள். சேகரிப்பவர்கள் நடுவே இதற்குத் தனி மதிப்பு. முதல் நான்கு ஆட்டம் குண்டு நேராக நடுவில் இறங்கியது. அப்பா இரண்டு ஃபிளிப்பரையும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தார். "ஒன்ன மட்டும் அடிங்கப்பா. குண்டு வரட்டும், நுனிக்கு வந்ததும் தட்டுங்க" என்றேன். ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு குண்டு மட்டும் நான்கு நிமிஷம் நின்று ஆடியது. ஆறாவது ஆட்டத்தில் அவசரத்தில் மெஷினைப் பிடித்துத் தள்ளினார், எல்லா விளக்கும் அணைந்து டில்ட். உள்ளே ஒரு கம்பியில் தூக்குக்குண்டு தொங்குகிறது, அது ஆடிப்போய்ச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டால் ஆட்டம் போச்சு என்று விளக்கினேன். "கொத்தனார் தூக்குக்குண்டு!" என்று சொல்லிவிட்டு அடுத்த குவார்ட்டரை எடுத்தார்.

ரிலேக்குப் பதிலாக எலக்ட்ரானிக் போர்டு வைத்த மெஷின்களையும் காட்டினேன். 1977-இல் பாலி வெளியிட்ட எய்ட் பால், 1979-இல் முதன்முதலாகப் பேசிய கோர்கர், 1992-இல் 20,000-க்கு மேல் விற்ற ஆடம்ஸ் ஃபேமிலி. இவற்றைச் சரிசெய்வது வேறு வித்தை. பாலியின் பழைய போர்டுகளில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும், வருஷங்கள் போனால் கசிந்து செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். வாங்கப்போகிறவர்கள் தலைப்பெட்டியைத் திறந்து முதலில் அந்த மூலையைத்தான் பார்க்க வேண்டும். பச்சை படிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

நான்காம் நாள், செவ்வாய். கிங்மன்

ஹூவர் அணைக்குப் பக்கத்துப் பாலத்தைக் கடந்து, காலை பத்து மணிக்கெல்லாம் கிங்மன்.

மெஷின் அந்த வீட்டு அம்மாவின் காலஞ்சென்ற கணவருடையது. அந்தம்மாவுக்கு எழுபத்தைந்துக்குமேல் இருக்கும். நாங்கள் போனதும் கராஜ் கதவைத் திறந்துவிட்டு, அதன் மேல் கிடந்த போர்வையை அவரே எடுத்தார். நாங்கள் கை வைக்க வேண்டாம் என்று நின்றோம்.

பாலைவனத்து மெஷின் எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் வந்தேன். ஈரம் இல்லாததால் மரம் உப்பவில்லை, கால்களில் துரு இல்லை, பிளைவுட் பிரியவில்லை. ஆனால் சூடும் குளிரும் மாறி மாறி அடித்ததில் பேக்கிளாஸின் பின்பக்கம் பெயின்ட் செதிலாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓவியம் கண்ணாடியின் பின்புறத்தில்தான் அச்சாகியிருக்கும். அதை ஈரத்துணியால் துடைத்தால் துணியோடு படத்தில் உள்ள சீட்டு ராணியின் முகம் வந்துவிடும். மெஷினை வாங்குகிற யாருக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான்: கண்ணாடியின் பின்பக்கத்தைத் தொடாதீர்கள்.

பிளேஃபீல்டு நினைத்ததைவிட நன்றாக இருந்தது. குண்டு பட்டால் கீழே விழும், சீட்டுப் படம் போட்ட டிராப் டார்கெட்டுகள் ஒரு வரிசை, எதுவும் உடையவில்லை. ஃபிளிப்பருக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்கு வர்ணம் தேய்ந்து மரம் தெரிந்தது. எத்தனை ஆயிரம் ஆட்டத்தின் குண்டு ஓடிய தடம் அது.

900 டாலர் சொன்னார். வரும்போது பேரம் பேச வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் அந்தப் போர்வையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை. கொடுத்துவிட்டேன். அந்தப் போர்வையையும் கொடுத்தார், வழியில் கண்ணாடியைச் சுற்றிக்கொள்ள.

ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம். முதலில் குண்டை வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வழியெல்லாம் உருண்டு எதையாவது உடைக்கும். பேக்கிளாஸ் தனியாக. தலைப்பெட்டிக்கும் உடம்புக்கும் நடுவில் போகும் பெரிய பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, படம் எடுத்து, டேப் ஒட்டி எண் போட்டோம். எண் போடச் சொன்னது அப்பா. "நாளைக்கு ஞாபகம் இருக்கும்னு இப்ப தோணும். இருக்காது தாயி." தலையின் போல்ட்டுகள், பிறகு கால்கள். பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் வந்து கைகொடுத்தார்.

கீழ்ப்பெட்டியின் கதவைத் திறந்தபோது அதைப் பார்த்தோம். உட்புற மரத்தில் பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தது. தேதி, அதற்குப் பக்கத்தில் ஒரு வரி. 1977-இல் தொடங்குகிறது. இடது ஃபிளிப்பர் காயில். பத்து பாயின்ட் ரிலே. வலது ஃபிளிப்பர் ரப்பர். மறுபடி இடது ஃபிளிப்பர். கடைசித் தேதி 1983. கடைகளில் மெஷினை வைத்து வாரம் ஒருமுறை காசெடுக்க வந்த ஆபரேட்டரின் ஆள் எழுதியது. கையெழுத்து இரண்டு விதம், நடுவில் ஆள் மாறியிருக்கிறார்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "ஃபால்ட் டாக்கெட்" என்றார். எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு பழுதுக்கும் எழுதும் சீட்டு.

ஐந்தாம் நாள், புதன். திரும்பி

ஒன்பது மணி நேர ஓட்டம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி பத்திரமாக வந்து சேர்ந்தது. வேறொன்றும் இல்லை.

ஆறாம் நாள், வியாழன். கராஜ்

மூன்று மெஷினுக்கு முன்னால் நான் செய்த ஒரு தவறை இன்று எழுதிவிடுகிறேன். என் முதல் மெஷின் பெட்டியின் வர்ணம் மங்கியிருந்தது. ஆர்வத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ஸ்டென்சில் வெட்டி, புதுசாக அடித்துவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால் ஃபேக்டரியில் ஸ்பிரே அடித்தவரின் கை, ஓரங்களில் இருந்த புகைபோன்ற மங்கல், ஏதோ ஒரு கடையில் நாற்காலி உரசிய தடம் எல்லாம் போயே போய்விட்டது. அதற்குப்பிறகு எதையும் தேய்க்கும் முன் ஒரு வாரம் பொறுக்கிறேன்.

இன்று வேலை மின்சாரம் மட்டும். இருபது வருஷம் நின்ற மெஷினைக் கொண்டுவந்ததும் பிளக்கைச் செருகவே கூடாது. முதலில் ஃபியூஸ். ஒரு இடத்தில் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தார்கள். மாற்றினேன். இரண்டு கால் பிளக்கை எடுத்துவிட்டு எர்த் வைத்த வயர். பிறகு மீட்டரை எடுத்து ஒவ்வொரு காயிலாக அளந்தோம். இடது ஃபிளிப்பர் காயிலின் உறை கருகியிருந்தது.

அது ஏன் கருகியது என்பது அழகான விஷயம். ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று உண்டு. அடிக்கும்போது தடித்த கம்பிச் சுற்று மட்டும் முழு பலத்தோடு இழுக்கும். ஃபிளிப்பர் மேலே போய்ச் சேர்ந்ததும் அதுவே ஒரு காண்டாக்டைத் தள்ளித் திறக்கும். உடனே மெல்லிய கம்பிச் சுற்றும் வழியில் சேர்ந்து, கரன்ட் குறைந்து, சும்மா பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் காண்டாக்ட் திறக்காவிட்டால், பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் முழு கரன்ட் பாயும், காயில் வெந்துபோகும். பென்சில் குறிப்பில் இடது ஃபிளிப்பர் இரண்டு தடவை வந்ததே, அப்போதெல்லாம் காயிலை மாற்றியிருக்கிறார்கள், காண்டாக்டை வளைத்துச் சரிசெய்யவில்லை. அப்பாவுக்கு அந்த முன்பின் தெரியாத ஆள்மேல் கோபமே வந்துவிட்டது.

மாலை ஐந்துக்குக் கரன்ட் கொடுத்தோம். விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். ஸ்கோர் மோட்டார் சுழலத் தொடங்கியது, எண் சக்கரங்கள் தடதடவென்று ஓடிப் பூஜ்யத்துக்கு வந்தன. மோட்டார் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்தப் பழுது எனக்குத் தெரியும். எல்லாச் சக்கரமும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்ற சேதி கிடைத்தால்தான் மோட்டார் நிற்கும். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் அதைச் சொல்ல ஒரு காண்டாக்ட். ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. நான்கு பேர் ஆடும் மெஷின், நான்கு பேருக்கும் தனித்தனி வரிசை. நான் வயரிங் படத்தைத் தரையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்பா படத்தைப் பார்க்கவில்லை. தலைப்பெட்டியின் பின்கதவைத் திறந்து, காதை வைத்து நின்றார். மோட்டார் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு காயில் மட்டும் வீணாக இழுத்துக்கொண்டிருந்தது. டக். டக். டக். விரலை நீட்டினார். இரண்டாம் ஆட்டக்காரரின் வரிசை, ஆயிரத்துச் சக்கரம். பூஜ்யம்தான் காட்டியது, ஆனால் மயிரிழை தள்ளி நின்றது. பழைய கிரீஸ் கோந்தாகி, சக்கரம் கடைசிப் படியில் முழுதாக உட்காரவில்லை.

நான் அரத்தை எடுத்தேன், காண்டாக்டையும் ஒரு தேய் தேய்த்துவிடலாம் என்று. கையைப் பிடித்துவிட்டார். "வெள்ளி மொகத்துல அரம் வைக்காத. ஒரு தடவ தேச்சா தேச்சுக்கிட்டே இருக்கணும்." சட்டைப்பையில் இருந்த ஒரு விசிட்டிங் கார்டை ஸ்பிரிட்டில் நனைத்து, இரண்டு காண்டாக்டுக்கும் நடுவில் செருகி, மேலே லேசாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்தார். அட்டையில் கறுப்பாக ஒரு கோடு வந்தது. திருப்பிச் செருகி இழுத்தார், சாம்பல் நிறம். மூன்றாம் தடவை ஒன்றும் வரவில்லை. நான் சக்கரத்தைக் கழற்றி அச்சில் இருந்த கோந்தைத் துடைத்தேன். எண்ணெய் போடவில்லை. இவற்றுக்கு எண்ணெயே ஆகாது.

திரும்ப மாட்டி, பட்டனை அழுத்தினோம். தடதடவென்று ஓடி, ஒரே நேரத்தில் எல்லாம் அடங்கியது. குண்டு பிளங்கர் முன்னால் வந்து விழுந்தது. கராஜில் இருந்த சத்தம் அந்த ஏசி உறுமல் மட்டும்தான்.

இரண்டு பேரும் ஆடவில்லை. பிளேஃபீல்டைச் சுத்தம் செய்யாமல் குண்டை விட்டால் அழுக்கே உப்புத்தாள் ஆகிவிடும்.

எட்டாம் நாள், சனி

நேற்று முழுக்கத் துடைத்தோம். ஐம்பது வருஷத்துக் கார்பன் தூசி, உதிர்ந்த ரப்பர், பம்பருக்கு அடியில் 1974-ஆம் வருஷத்து ஐந்து சென்ட் நிக்கல் காசு ஒன்று. ரப்பர் வளையங்கள் எல்லாம் புதுசு. மணியோசை எழுப்பும் சைம் பெட்டியின் மூன்று உலோகப் பட்டைகளையும் துடைத்து மாட்டினோம். விளக்குகளில் 44-ஆம் நம்பர் பல்பை எடுத்துவிட்டு 47 போட்டேன். சூடு குறைவு, பேக்கிளாஸுக்கு நல்லது. கண்ணாடியின் பின்பக்கத்துச் செதில்களின்மேல் தெளிவான அக்ரிலிக் ஸ்பிரே மெல்லிசாக மூன்று கோட். இனி உதிராது. உதிர்ந்த இடத்தில் வர்ணம் தீட்டவில்லை.

தேய்ந்த இடத்தைப் பற்றி எனக்கும் அப்பாவுக்கும் காலையில் வாக்குவாதம். நான் அப்படியே விட வேண்டும் என்றேன். "வெறும் மரத்த விட்டா நாளைக்கு அழுக்கு ஊறும், அப்புறம் நார் நாராப் பிரியும். தேய்மானத்த அப்பிடியே விட்டுட்டு மெஷின ஓட்டுறது எந்த ஊரு நியாயம்?" என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. நிறம் சேர்க்காமல், தெளிவான லாக்கர் பூச்சு மட்டும் இரண்டு கோட் கொடுத்து மூடினேன். மரம் மரமாகவே தெரிகிறது, இதற்குமேல் தேயாது. மேலே மெழுகு. பழைய குண்டில் சொரசொரப்பு இருந்ததால் புதுக் குண்டு.

மாலை ஆறரைக்கு இவரும் பையனும் வந்தார்கள், நான்கு பேர் ஆட்டம். முதல் குண்டு அப்பாவுடையது. பிளங்கரை முழுதாக இழுக்காமல் பாதியில் விட்டார், குண்டு மேலே அவர் நினைத்த சந்தில் இறங்கியது. டிங், டிங், டோங். ராஜா விழுந்தார், ராணி விழுந்தாள். பையன் அதற்குள் "தாத்தா, அடுத்து நான்!" என்று பட்டன்மேல் கையை வைத்தான். மூன்றாம் குண்டில் அப்பாவுக்கு ஒரு இலவச ஆட்டம் கிடைத்தது. பெட்டிக்குள் மரத்தில் சுத்தியல் அடித்ததுபோல் டக் என்று ஒரே ஒரு சத்தம். பின்பால் ஆடுகிறவர்கள் காத்திருப்பது இந்தச் சத்தத்துக்குத்தான். நாக்கர் என்பார்கள்.

மூன்றாம் ஆட்டக்காரரின் நூறு சக்கரம் மட்டும் இரண்டு தடவை இழுத்தால் ஒரு தடவைதான் தாவுகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்க வேண்டும், புதுசு வாங்க எழுதிப்போட்டிருக்கிறேன்.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு அப்பா கீழ்ப்பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். 1983-க்குக் கீழே, பென்சிலால், தமிழில் எழுதியிருக்கிறார். இன்றைய தேதி. பிறகு:

"2-ஆம் ஆள், 1000 வீல், ஜீரோ காண்டாக்ட் சுத்தம் செய்தது. இடது ஃபிளிப்பர் காயில் மாற்றி, காண்டாக்ட் இடைவெளி சரி செய்தது. 3-ஆம் ஆள், 100 வீல், ஸ்பிரிங் பாக்கி."